சரக்கு நின்றால் யார் காசு போகிறது?

கேள்வி: "சார், எனக்கு 23 வயது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பி.காம். முடித்துவிட்டு ஒன்றேகால் வருடமாகத் தூத்துக்குடியில், ஏற்றுமதி இறக்குமதிக்காரர்கள் சார்பில் சுங்க வேலை பார்க்கும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் டாக்குமென்டேஷன் வேலை பார்க்கிறேன். சம்பளம் 14,000. காலையிலிருந்து ராத்திரி வரை ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்கான சுங்கப் படிவம், அடிப்பதுதான் வேலை. துறைமுகத்தை இதுவரை கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். லாஜிஸ்டிக்ஸ் மேனேஜராக வர வேண்டும் என்று ஆசை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸுக்கு 6 லட்சம் கேட்கிறார்கள், லோன் கிடைக்கும். அத்தானோ, ஒரகடத்தில் ஒரு ஆன்லைன் கம்பெனி குடோனில் 19,000 தருகிறார்கள், வந்துவிடு என்கிறார். அப்பா லாரி டிரைவர். 'லாரித் தொழிலுக்கா உன்னைப் படிக்க வைத்தேன்' என்று வருத்தப்படுகிறார். நான் எந்த வழியில் போவது?"

அன்புள்ள தூத்துக்குடி வாசகிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது லோன் வாங்க வேண்டாம். ஒரகடத்துக்கும் போக வேண்டாம். ஆனால் இப்போது இருப்பது மாதிரியே இருக்கவும் வேண்டாம். ஷிப்பிங் பில் அடித்துக்கொண்டே பத்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். வேகமாக அடிப்பார்கள், தப்பில்லாமல் அடிப்பார்கள், சம்பளம் மட்டும் அங்கேயே நிற்கும்.

நான் 1998-ல் சென்னை தம்புச் செட்டித் தெருவில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு ஆபீஸில் சேர்ந்தேன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நாளைக்கு நாலு நடை. அப்புறம் ஃபார்வர்டிங், அப்புறம் ஒரு ஷூ ஏற்றுமதி நிறுவனம். இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இன்டர்வியூவில் நான் என்ன கேட்பேன் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

சரக்கை சி.ஐ.எஃப். விலையில் விற்றிருக்கிறோம். கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் விற்றவர் கட்டிவிட்டார். நடுக்கடலில் கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நஷ்டம் யாருக்கு?

எம்.பி.ஏ. முடித்து வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் "விற்றவருக்கு" என்கிறார்கள். அவர்தானே காசு கட்டினார் என்பது அவர்கள் கணக்கு. காசு கட்டுவது வேறு, பொறுப்பு வேறு. சரக்கு கப்பலில் ஏறியபோதே பொறுப்பு வாங்குபவர் தலைக்குப் போய்விட்டது. விற்றவர் எடுத்துக் கொடுத்த பாலிசியை வைத்து வாங்கியவர்தான் கிளெய்ம் போட வேண்டும். "கன்டெய்னர் சரக்குக்கு சி.ஐ.எஃப். போடுவதே சரியில்லை சார், கேரியரிடம் ஒப்படைக்கும்போதே பொறுப்பு மாறும் சி.ஐ.பி. போட்டிருக்க வேண்டும்" என்று என்னைத் திருத்துகிறவரை அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்வேன். இத்தனை வருடத்தில் அப்படி இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். இருவரில் ஒருவர் +2-வோடு நின்றவர்.

லாஜிஸ்டிக்ஸ் என்றால் சரக்கை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கொண்டுபோவதற்கு லாரிக்காரர் இருக்கிறார், கப்பல்காரர் இருக்கிறார். நமக்குச் சம்பளம் தருவது வேறொன்றுக்கு. சரக்கு இந்த நிமிடம் யார் பொறுப்பில் இருக்கிறது, இன்றைக்கு அது நின்றால் யார் காசு போகும் என்ற கேள்விக்கு எந்நேரமும் பதில் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸிக்யூட்டிவுக்கு ஒரு பெட்டியின் பதில் தெரியும், மேனேஜருக்கு ஐந்நூறு பெட்டியின் பதில் தெரியும், வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை நான் ஒருவருக்கு நஷ்டத்தை உண்டாக்கித்தான் கற்றுக்கொண்டேன். 2002 என்று நினைவு. ஆம்பூரிலிருந்து தோல் ஷூ, ஒரு 20 அடி கன்டெய்னர், ஜெர்மனிக்குப் போக வேண்டும். வாங்குபவரின் பேங்க் பணத்துக்கு உத்தரவாதம் தரும் எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி சனிக்கிழமை. கப்பலுக்கு கட்-ஆஃப், அதாவது பெட்டியைத் துறைமுகத்துக்குள் சேர்க்க வேண்டிய கெடு, வியாழக்கிழமை சாயங்காலம். தொழிற்சாலையில் ஸ்டஃபிங், அதாவது கன்டெய்னருக்குள் சரக்கு அடுக்குவது, தாமதமாகி டிரெய்லர் மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்பியது. துறைமுகச் சாலையில் வண்டிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றன. ஏற்றுமதியாளர் போன் பண்ணும்போதெல்லாம் "ஏறிடும் சார், ஏறிடும்" என்றேன். ராத்திரி பத்து மணிக்கு, ஏறாது என்று தெரிந்துவிட்டது. அப்போதும் சொல்லவில்லை. காலையில் யாரையாவது பிடித்து உள்ளே அனுப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. வெள்ளிக்கிழமை முழுக்க அலைந்தேன். சனிக்கிழமை மத்தியானம், வேறு வழியே இல்லை என்றான பிறகு சொன்னேன். அடுத்த கப்பல் ஐந்து நாள் கழித்து. கப்பல்காரர் கொடுக்கும் சரக்கு ரசீதான பி.எல்.லின் தேதி எல்.சி. தேதியைத் தாண்டிவிட்டது. டாக்குமென்ட் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்று பேங்க் டிஸ்கிரிப்பன்சி போட்டது. வாங்குபவர் அதையே சாக்காக வைத்து விலையில் 4 சதவீதம் குறைத்துக்கொண்டுதான் டாக்குமென்டை ஏற்றார்.

ஏற்றுமதியாளர் என்னைத் திட்டவில்லை. "வியாழக்கிழமை ராத்திரி ஒரு போன் பண்ணியிருந்தா, வெள்ளிக்கிழமை எல்.சி. தேதியை மாத்தச் சொல்லி மெயில் போட்டிருப்பேனே தம்பி" என்றார். வண்டி நின்றதற்கு நான் பொறுப்பில்லை. ஒன்றரை நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு நான்தான் பொறுப்பு. அந்த 4 சதவீதம் என் அன்றைய வருடச் சம்பளத்தைவிட அதிகம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை நீங்களே குறைவாக நினைக்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல் உங்கள் கையைத் தாண்டிப் போகிறது? ஒவ்வொன்றிலும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கின் வகையைச் சொல்லும் ஹெச்.எஸ். கோடு, எந்த விலை முறை, எந்த லைன் (கப்பல் கம்பெனி) என்று எல்லாம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரே ஒரு ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் அந்தச் சரக்கின் தேதிகளை எழுதுங்கள். ஃபேக்டரியை விட்டது, கேட் உள்ளே போனது, சுங்கத்துறையின் ஏற்றுமதி அனுமதியான லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்தது, கப்பல் கிளம்பியது. இதோடு விட்டுவிடாதீர்கள். தூத்துக்குடியில் ஏறும் பெட்டிகளில் பெரும்பகுதி ஃபீடர் என்னும் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. உங்கள் ஆபீஸில் "சரக்கு போயிடுச்சு" என்று ஃபைலை மூடும் நாளில், அது கொழும்பில் இறங்கி அடுத்த கப்பலுக்குக் காத்துக்கொண்டிருக்கலாம். அங்கே எத்தனை நாள் நின்றது, போய்ச் சேர்ந்தது என்றைக்கு என்று லைனின் இணையதளத்தில் பெட்டி எண்ணைப் போட்டுப் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அங்கே நின்றிருந்தால் யார் காசு போயிருக்கும் என்று ஒரு வரி.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபோது, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டது. கரூர், திருப்பூரில் பல பேர் "நமக்கு எஃப்.ஓ.பி.தானே, கப்பல் கட்டணம் சரக்கை வாங்குறவன் பாடு" என்று இருந்தார்கள். கட்டணம் அவர் பாடுதான். ஆனால் கோடைக்கால பனியன் கோடை பாதி முடிந்து போய்ச் சேர்ந்தால், அடுத்த ஆர்டர் யாருக்கு வரும்? நோட்டில் ஒரு ஐம்பது ஃபைல் ஏறிய பிறகு இந்த மாதிரி விஷயம் உங்களுக்கு மற்றவர்களைவிட ஒரு வாரம் முன்னாலேயே கண்ணில் படும்.

இன்னொரு கணக்கும் பழகுங்கள். டி-ஷர்ட் அட்டைப்பெட்டி ஒன்று, 60 க்கு 40 க்கு 40 செ.மீ., எடை 11 கிலோ. அவசரம், விமானத்தில் போக வேண்டும். விமானக்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 16 வருகிறது. பில் 16 கிலோவுக்கு வரும். உயரத்தை 35 ஆகக் குறைத்து அதே டி-ஷர்ட்டை அமுக்கிக் கட்டினால் 14. நூறு பெட்டிக்கு 200 கிலோ மிச்சம். கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைத்தால்கூட 40,000 ரூபாய், உங்கள் மூன்று மாதச் சம்பளத்துக்குப் பக்கம். இதை ஒரு கஸ்டமருக்குச் சொல்லிப் பாருங்கள், அடுத்த தடவை அவர் முதலாளியிடம் பேசாமல் உங்களிடம் பேசுவார்.

அப்புறம் ஆபீஸை விட்டு வெளியே வாருங்கள். மாதத்தில் இரண்டு நாள், கன்டெய்னரில் சரக்கு ஏற்றி இறக்கும் சி.எஃப்.எஸ். யார்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டஃபிங்குக்கு முன்னால் காலிக் கன்டெய்னருக்குள் ஆள் ஒருவர் போய் நிற்க, வெளியே இருந்து கதவைச் சாத்துவார்கள். உள்ளே ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம், வெளிச்சம் வருகிற வழியில் மழையும் வரும். நீங்களே ஒருமுறை உள்ளே நின்று பாருங்கள். கன்டெய்னர் எண்ணில் நாலு எழுத்துக்குப் பிறகு ஏழு இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம் மற்ற பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. நீங்கள் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் சிஸ்டம் பிடித்துக்கொள்வது அதனால்தான். கம்ப்யூட்டரில் நீங்கள் அடிக்கும் சீல் எண் ஒரு ஆணி மாதிரி கதவில் தொங்குவதைப் பார்த்துவிட்டால், அப்புறம் அதை அலட்சியமாக அடிக்க வராது.

பெண்ணை யார்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். பகல் நேரம், ஹெல்மெட், சேஃப்டி ஷூ, கூட ஒரு சீனியர் என்று நீங்களே நிபந்தனை போட்டுக் கேளுங்கள். பல யார்டுகளில் பெண்களுக்குச் சரியான கழிப்பறை கிடையாது, அதையும் தெரிந்துகொண்டே போங்கள். இந்தத் துறை இதில் இன்னும் வெட்கப்பட வேண்டிய நிலையில்தான் இருக்கிறது.

இனி கார்டு விஷயம். ஒன்றேகால் வருடமாகியும் உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கஸ்டம்ஸ் புரோக்கரிடம் வேலை செய்பவர்களுக்கு 2018 விதிமுறைப்படி மூன்று கார்டு இருக்கிறது. தேர்வு எழுதாதவருக்கு ஹெச். ஊழியர்களுக்கான தேர்வில் தேறினால் ஜி. லைசென்ஸுக்கான தேர்வில் தேறினால் எஃப். ஜி கார்டோ எஃப் கார்டோ உள்ளவர்தான் புரோக்கர் சார்பில் ஷிப்பிங் பில்லிலும், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியிலும் கையெழுத்துப் போடலாம். நீங்கள் அடித்துக் கொடுக்கும் பில்லில் வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார் என்றால், உங்கள் இருவர் சம்பள வித்தியாசம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

முதலாளியிடம் போய் ஹெச் கார்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிறகு ஜி தேர்வு. ஜி கார்டோடு இரண்டு வருட அனுபவமும் உங்கள் பட்டப்படிப்பும் சேர்ந்தால், சுங்கத்துறையின் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் லைசென்ஸ் தேர்வுக்கே உட்காரலாம். அது லேசான தேர்வு இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழியும், 60 சதவீதம் வேண்டும், அதைத் தாண்டினால் வாய்மொழித் தேர்வு. ஆனால் சட்டத்தையும் விதியையும் தினமும் கையில் வைத்து வேலை பார்க்கிறவருக்கு, புதிதாகப் புத்தகத்தைத் திறக்கிறவரைவிட அது நிச்சயம் சுலபம். மூன்று மாதம் கேட்டுப் பாருங்கள். சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஆபீஸை மாற்றுங்கள், தொழிலை மாற்ற வேண்டாம்.

எம்.பி.ஏ.வை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 6 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, ஏழு வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 10,300 ரூபாய் போல வரும். படித்து முடித்ததும் கேம்பஸில் கிடைப்பது 22,000 சம்பளம் என்றால், கையில் நிற்பது இன்றைக்கு நீங்கள் வாங்குவதைவிடக் குறைவு. நடுவில் இரண்டு வருடச் சம்பளமும் போச்சு. கல்லூரிக்காரரிடம் "நூறு சதவீத பிளேஸ்மென்ட்டா" என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் சொல்வார். போன வருடம் சேர்ந்தவர்களுக்கு என்ன பதவிப் பெயர், எந்த ஊர், எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'லாஜிஸ்டிக்ஸ் எக்ஸிக்யூட்டிவ்' என்ற பெயருக்குள் அட்டைப்பெட்டி எண்ணுவது முதல் ஆறு நாட்டு ஷிப்மென்ட்டைப் பார்ப்பது வரை எதுவும் அடங்கும்.

மூன்று நாலு வருடம் கழித்து, ஏற்றுமதி நிறுவனத்திலோ லைனரிலோ மேனேஜர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, பட்டம் இல்லை என்பதற்காக மட்டும் தள்ளி வைக்கப்படும் நிலை வந்தால் அப்போது படியுங்கள். சென்னை உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே துறைமுகம், கப்பல் மேலாண்மை சார்ந்த எம்.பி.ஏ. உண்டு. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் முடித்தாலும் சரி. அனுபவத்தின் மேல் வந்து உட்காரும் பட்டத்துக்கு மதிப்பு அதிகம்.

அத்தான் சொல்லும் குடோன் வேலையும் மோசமில்லை. இன்வர்ட், பிக்கிங், டிஸ்பாட்ச் என்று ஆள் மேய்க்கக் கற்றுக்கொள்ளலாம், நல்ல சாஃப்ட்வேர் கைக்கு வரும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாத நிலையில் இரண்டையும் காட்டி எது என்று கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். கஸ்டம்ஸில் ஒன்றேகால் வருடம் போட்டுவிட்டு 5,000 ரூபாய்க்காக முதலிலிருந்து தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த 5,000-ல் ஒரகடத்து வாடகையும் சாப்பாடும் போனால் மிச்சம் என்ன என்று அக்காவிடம் கேளுங்கள், அத்தானிடம் வேண்டாம்.

உங்கள் ஊரும் உங்களுக்கு ஒரு சாதகம். 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் புதிதாக ஒரு கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். அதைவிட முக்கியம், அங்கே வரும் சரக்கின் வகை. சிவகாசி, சாத்தூர் தீப்பெட்டி வெளிநாடு போகிறது. அது கப்பல் கணக்கில் ஆபத்தான சரக்கு, யு.என். எண் 1944, வகுப்பு 4.1. அதற்கான பேக்கிங், டிக்ளரேஷன், லேபிள் எல்லாம் தெரிந்தவர் உலகத்தின் எந்தத் துறைமுகத்திலும் வேலை கேட்கலாம். மைனஸ் 18 டிகிரியில் போகும் இறால் இருக்கிறது. எழுபது எண்பது மீட்டர் காற்றாலை இறக்கையைச் சாலை வளைவில் திருப்பித் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். 'லாஜிஸ்டிக்ஸ் தெரியும்' என்பவர்கள் ஏகப்பட்ட பேர். 'தீப்பெட்டி ஷிப்மென்ட்டா, அந்தப் பொண்ணைக் கேளு' என்று பெயர் எடுப்பது வேறு. ஆபத்தான சரக்குக்கான பயிற்சி வகுப்புகள் நாலைந்து நாளில் முடிகின்றன, 6 லட்சத்தில் ஒரு துளிகூட ஆகாது.

கடைசியாக அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த வரியைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸில் டெமரேஜ் என்பது இடத்துக்கு வாடகை, டிடென்ஷன் என்பது பெட்டிக்கு வாடகை. உங்கள் அப்பா அதையே ஹால்டிங் என்பார், வண்டிக்கு வாடகை. லோடு இறக்காமல் கேட் வாசலில் மூன்று நாள் நிற்க வைத்துவிட்டு, ஹால்டிங் காசைக் கொடுக்காமல் அனுப்பிய கதை அவரிடம் ஒன்றல்ல, இருபது இருக்கும். நாம் இங்கே ஏ.சி. ரூமில் பேசும் தொழிலின் மறுமுனையில் இத்தனை வருடம் நின்றவர் அவர். அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது அவர் வண்டியில் கிடக்கும் பழைய எல்.ஆர். (லாரி ரசீது) ஒன்றை வாங்கிப் பாருங்கள். எங்காவது பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்திருக்கும். அதற்கு என்ன அர்த்தம், அதனால் அவருக்கு எப்போதாவது பிரச்சினை வந்ததா என்று அவரிடமே கேளுங்கள். நோட்டையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.